தண்ணீர் தெளித்துத் திருடியவன்

பேத்தி கல்யாணத்துக்கு வெற்றிலைத் தட்டு மாற்ற, மாலை நான்கு மணிக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். காலை பத்து மணிக்கு, அவர்கள் கொடுத்த கம்பளம் வீட்டில் இல்லை.

ராமகிருஷ்ணன் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகத் வாசலிலிருந்து உள்ளே போகும் தன் வீட்டு நடையின் முகப்பில் நின்றார். சரவெடி போல வெடிக்க வேண்டிய மனிதர், சம்பந்தி வரும் நாள் என்பதால் அடக்கிக்கொண்டு நின்றார். விருதுநகரில் அவர் வீட்டுக்குள் வந்த பொருள் காணாமல் போனதாக அறுபத்தெட்டு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அவருடைய அப்பா காலத்தில் ஒரு வெண்கலக் குத்துவிளக்கு மூன்று நாள் கண்ணில் படாமல் இருந்து, கடைசியில் கிணற்றிலிருந்து வந்தது. அதையும் வீட்டார் 'காணாமல் போனது' என்று சொல்வதில்லை. 'கிணற்றில் இருந்தது' என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள்.

ஆகவே அவர் போலீசுக்குப் போகவில்லை. பாண்டிலட்சுமிக்கு ஆள் அனுப்பினார்.

பாண்டிலட்சுமி இருபது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த இடங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, சாம்பலிலிருந்து உண்மையைப் பொறுக்கி எடுத்தவர். இப்போது சொந்தமாகத் துப்புத் துலக்குகிறார். கைத்தறிப் புடவை, பூதக்கண்ணாடிக்குப் பதிலாகப் படிக்கிற கண்ணாடி. கூட வந்தவன் இசக்கிப்பாண்டி. கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, கேட்காத இடத்தில் பேசுவது, இந்த மூன்றும் அவனுடைய உத்தியோகம்.

"கம்பளம் எப்படி இருக்கும் அண்ணாச்சி?" என்று பாண்டிலட்சுமி கேட்டார்.

"பதினாலு அடி நீளம், ரெண்டரை அடி அகலம். நடையில விரிக்கிறதுக்குன்னே நீளவாக்குல செஞ்சது. திபெத்துக்காரங்க கையால முடிச்சுப் போட்ட கம்பளி. சம்பந்தியம்மா முக்திநாத் போயிட்டுத் திரும்பையில, காத்மாண்டுல தறிக்கு எதிர்ல நின்னு பார்த்து வாங்குனது, இங்க வந்து எட்டு நாளாச்சு. ரெண்டு பொம்பளையாளுக மூணு மாசம் உக்காந்து முடிஞ்சதாம்."

"மூணு மாசம் முடிஞ்சதை மூணு நிமிசத்துல அவுத்துட்டாக" என்றான் இசக்கிப்பாண்டி.

"யாரும் அவுக்கலை" என்றார் ராமகிருஷ்ணன். "எடுத்துருக்கான். யார்னும் எனக்குத் தெரியும், வீட்டுல ஒருத்தரையும் கேட்கவே இல்லை. எலெக்ட்ரீசியன் அன்பரசன். செவ்வாக்கிழமை வந்தான். வேலையைப் பார்க்காம கம்பளத்தைத்தான் பார்த்தான். காலையிலேயே போன்ல கூப்பிட்டு, என் வீட்டுப் படியேறாதேன்னு சொல்லிட்டேன். நீங்க அவன் வீட்டுல போயிப் பார்த்தாப் போதும்."

"போவோம். எதுக்காக எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டீக?"

ராமகிருஷ்ணன் நடையின் கடைசியில் இருந்த அறைக் கதவைக் காட்டினார். தேக்குக் கதவு, பித்தளைக் கைப்பிடி. ஒரு வாரமாக அந்தக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதென்று பேத்தி பிரீத்திகா சொல்லிக்கொண்டிருந்தாள். சமையல் செய்கிற ராமுத்தாயும் அதையே சொன்னாள். அன்பரசன் ஒரு மணி நேரம் டெஸ்டரை வைத்துக் குடைந்துவிட்டு, ஒயரிங்கில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

"உங்களுக்கு அடிச்சுச்சா?"

"எனக்கு அடிக்கலை."

"நீங்க கம்பளத்து மேல நடந்தீகளா?"

அவர் அந்தக் கேள்வியையே விரும்பவில்லை. "சம்பந்தி வீட்டுப் பொருளு. அதை மிதிக்கவா செய்வேன்? நான் ஓரமாத்தான் போவேன், வருவேன். செருப்பில்லாம."

"பேத்தி?"

"அதுக்கென்ன, வீட்டுக்குள்ள போடுற ரப்பர் செருப்பு ஒண்ணு வச்சிருக்கு. ஏசி ஓடுற நடையில தரை சில்லுன்னு இருக்காம். ராமுத்தாய்க்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்துருச்சு."

பாண்டிலட்சுமி தலையை ஆட்டிக்கொண்டார். "அந்த ரூமுக்குள்ள என்ன இருக்கு?"

"இந்த சீசனுக்குப் புதுசாப் பண்ணுன பூச்சட்டிப் பட்டாசு. சாம்பிள் ரெண்டு பெட்டி. சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு முற்றத்துல விட்டுக் காட்டணும்னு நேத்துச் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வரவழைச்சேன். போர்மேன் ஊர்க்காவலன் அவன் கையாலேயே பொறுக்கி அனுப்புனது. முப்பத்தோரு வருசமா என் சொல்லைத் தாண்டாதவன்."

அந்தப் பெட்டிகளைத் தூக்கி வந்த ஆட்களின் லட்சணத்தை நினைத்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது. காலையில் பூஜை முடித்து வந்தபோது, கம்பளம் இருந்த இடத்தின் தலைமாட்டில், சுவரை ஒட்டிக் கம்பெனி டோக்கன் ஒன்று கிடந்தது. கம்பெனிக் கேட்டில் செல்போனையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கிற அலுமினிய வில்லை. எவனோ தவறவிட்டுப் போயிருக்கிறான். இன்றைக்குப் போனைத் திரும்ப வாங்க முடியாமல் திண்டாடட்டும், புத்தி வரும் என்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருந்தார். அது சாவிக்கொத்தோடு சேர்ந்து அவர் திரும்பும்போதெல்லாம் மெல்லக் கிணுங்கியது.

பாண்டிலட்சுமி முழங்காலிட்டுத் தரையைப் பார்த்தார். கறுப்புக் கல் பதித்த தரை. காலையிலிருந்து அங்கே யாரும் கால் வைக்கக்கூடாது, துடைப்பம் படக்கூடாது என்று ராமகிருஷ்ணன் உத்தரவு போட்டிருந்தார்.

"ஏலே இசக்கி, இங்கன வா. என்ன தெரியுது?"

"தரை தெரியுதுக்கா."

"குனிஞ்சு பாரு."

இசக்கிப்பாண்டி குனிந்தான். கறுப்புக் கல்லில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் விருதுநகரில் எந்தத் தரையிலும் விழுகிற உப்புப் புள்ளிகள்தான். ஆனால் அவை நடை முழுவதும் இல்லை. இரண்டு ஓரத்திலும் வரிசையாக இருந்தன. நடுவில் ரெண்டரை அடி அகலத்துக்கு ஒரு புள்ளி கிடையாது.

"யாரோ கம்பளம் கிடக்கையிலேயே தண்ணி தெளிச்சிருக்காக" என்றான் அவன். "சிந்துனது ரெண்டு பக்கமும் விழுந்துருக்கு. அப்புறம் கம்பளத்தைச் சுருட்டியிருக்காக. அக்கா, நானும் உங்ககூட எத்தனையோ திருட்டைப் பார்த்துட்டேன். தண்ணி தெளிச்சு, கோலம் போடாம மட்டும் விட்டுட்டுப் போன திருடனை இப்பத்தான் பார்க்கேன்."

"கழுதைக்குத் திமிரு" என்றார் ராமகிருஷ்ணன். "பொருளைக் கெடுக்கணும்னே செஞ்சிருக்கான்."

"மலையாட்டுக் கம்பளி அண்ணாச்சி. அதுல எண்ணெய்ப் பசை இருக்கும். தெளிச்ச தண்ணி மேலேயே முத்து முத்தா நிக்குமே தவிர, சட்டுனு உள்ள இறங்காது. கெடுக்க நினைக்கறவன் வாளியோட ஊத்துவான். இது கையால தெளிச்சது." பாண்டிலட்சுமி எழுந்தார். "பின்கட்டுக் கதவு?"

"பாலுக்காக அஞ்சரை மணியிலிருந்து திறந்துதான் கிடக்கும். அந்நேரம் நான் பூஜையில இருப்பேன். ஆறரை வரைக்கும் யாரும் என்கிட்ட வந்து பேசக்கூடாது."

பின்வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மாடத்தி பூக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்தது.

"ஆறு மணி இருக்கும். ரெண்டு பேரு, நீளமா ஒண்ணைத் தோள்ல வச்சுக் கொண்டுவந்தாக. வெள்ளை வேட்டியில சுத்தியிருந்துச்சு. வேட்டியில தண்ணி சொட்டுது. நான் பயந்து போயி, வீட்டுப் பெரியவுக தவறிட்டாகளான்னு கேட்டேன். அவுக ஒண்ணும் பேசலை."

ராமகிருஷ்ணனுக்கு முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. தெருவில் அவர் உயிரோடு இல்லை என்று எத்தனை பேருக்குப் பூக்காரி சொல்லியிருப்பாளோ.

"மூஞ்சியைப் பார்த்தீகளா?" என்று பாண்டிலட்சுமி கேட்டார்.

"தலையில துண்டைக் கட்டியிருந்தாக, தெரியலை. ஆனா பக்தியான ஆளுக."

"எப்படிச் சொல்றீக?"

"முன்னால வந்தவரு, வண்டியில ஏத்துறதுக்கு முன்ன இரும்புக் கேட்டைத் தொட்டாரு. வண்டியில வச்சுட்டு மறுபடி தொட்டாரு. ஏறுறதுக்கு முன்ன இன்னொரு தரம். கேட்டையே சாமின்னு நினைச்சுத் தொட்ட மாதிரி இருந்துச்சு. கால்ல செருப்புக்கூட இல்லை."

பாண்டிலட்சுமி ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார். "சாத்தூர் ரோட்டுக்கு விடுலே."

"அன்பரசன் வீடு பாண்டியன் நகர்ல இருக்கு" என்றார் ராமகிருஷ்ணன்.

"அவரு வீட்டுல கம்பளம் இல்லை. உங்க கம்பெனிக்குப் போவோம். எடுத்தவரு அங்கதான் வேலை பார்க்காரு."

அந்த வார்த்தை அவரைச் சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. வெளியாள் திருடினால் அது திருட்டு. தன் சோற்றைத் தின்றவன் திருடினால் அது வேறு. கார் ஊரைத் தாண்டும்வரை அவர் கம்பெனி ஆட்கள் இருநூற்றுப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்திப் பார்த்தார். எவன் முகத்திலும் கம்பளம் தெரியவில்லை.

இசக்கிப்பாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா, எனக்கும் கொஞ்சம் சொன்னா, நானும் புத்திசாலி மாதிரி மூஞ்சியை வச்சுக்கிடுவேன்."

"ஷாக் எப்ப ஆரம்பிச்சுச்சு? ஒரு வாரம். கம்பளம் எப்ப வந்துச்சு? எட்டு நாள். யாருக்கு அடிக்குது? ரப்பர் செருப்போட அது மேல நடக்கறவுகளுக்கு. அண்ணாச்சி அதை மிதிக்கவே இல்லை, அவரைத் தொடலை. ஏசி காத்துல காஞ்ச கம்பளியில செருப்பு உரசுனா உடம்புல மின்சாரம் ஏறும். பித்தளையைத் தொட்டா இறங்கும். ஒயரிங் மேல குத்தமே கிடையாது."

ராமகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையில் வில்லை கிணுங்கியது.

"சரி" என்றான் இசக்கிப்பாண்டி. "அதை யாரு கண்டுபிடிப்பாக?"

"வேலைக்குள்ள போகையில இரும்பையோ செம்பையோ தொட்டு உடம்பு மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிட்டுப் போறவுக. கம்பளியைத் தூக்கணும்னா முதல்ல ஈரம் பண்ணணும், அப்புறம் நனைச்ச பருத்தித் துணியில சுத்தணும்னு கை தானாப் பழகினவுக. இந்தச் சுத்துவட்டாரத்துல அவுகளுக்கு என்ன தொழில்?"

பதில் சொல்லத் தேவையில்லாமல், சாலையோரம் பட்டாசுக் கடைகளின் போர்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

கம்பெனிக் கேட்டில் கார் நின்றதும் ராமகிருஷ்ணன் இறங்கி, தன் வழக்கமான நடையில் உள்ளே போனார். நான்கே அடிதான். காவலாளி குறுக்கே வந்து கும்பிட்டான்.

"அண்ணாச்சி, பட்டு வேட்டி."

ராமகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். பட்டுதான். நாள் தவறாமல் பருத்தியில் வருகிறவர், சம்பந்திக்காக உடுத்தியதை மறந்துபோனார். கேட்டுக்கு மேலே அவர் பெயரைத் தாங்கி நின்ற போர்டில் பருத்தித் துணி மட்டும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. முதலாளி, தன் கம்பெனி வாசலில், வெயிலில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் இசக்கிப்பாண்டியின் பாலியஸ்டர் சட்டையும் செல்போனும் பறிமுதல் ஆயின. அவன் பனியனோடு ஒரு டோக்கனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நல்லவேளை அண்ணாச்சி" என்றான் மெதுவாக. "உங்களுக்கு வேட்டிக்கு டோக்கன் குடுக்கலை."

போர்மேன் ஊர்க்காவலன் உள்ளிருந்து வந்தான். ஒல்லியான உடம்பு, வெளுத்த காக்கி, வெறுங்கால். வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வெளியே வந்து கைகட்டினான்.

"ஏலே ஊர்க்காவலா" என்றார் ராமகிருஷ்ணன். "என் வீட்டுக் கம்பளத்தை எடுத்தவன் இங்க வேலை பார்க்கானாம். எவன்னு சொல்லு."

"நான்தான் அண்ணாச்சி."

அவன் அதை மணி கேட்டால் சொல்வது போலச் சொன்னான்.

"உள்ள பத்திரமா இருக்கு. நிழல்ல, நனைச்ச வேட்டியில. வண்டிக்காரனும் நானுமாத் தூக்கிட்டு வந்தோம். காலையில சாம்பிளைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். வழியில கம்பளம் கிடக்கு, ராமுத்தாய்கிட்ட கேட்டா மேல நடந்து போங்கன்னு செருப்பைக் குடுத்துச்சு. நடந்துபோயிக் கைப்பிடியைத் தொட்டேன். பொறி பறந்துச்சு. கண்ணால பார்த்தேன் அண்ணாச்சி. கதவுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பெட்டிப் பூச்சட்டி. மாடியில பிரீத்திகா பாப்பா தூங்குது."

ராமகிருஷ்ணன் கேட்டுக்கு மேலிருந்த தன் பெயரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப பெட்டியை எடுத்துட்டுப் போக வேண்டியதுதானேலே? கம்பளத்தை எதுக்கு எடுத்த?"

"பெட்டி அங்க இருக்கணும்னு உங்க உத்தரவு. சரக்கு இருக்கிற இடமெல்லாம் கம்பெனிதான், அங்க கம்பளியைக் கண்டா யாரோடதுன்னு பார்க்காம எடுத்து வைன்னும் உங்க உத்தரவு. முப்பத்தோரு வருசத்துக்கு முன்ன, நான் சேர்ந்த அன்னைக்கு, இதே இடத்துல நின்னு சொன்னீக. ரெண்டு உத்தரவையும் மீறாம வேற என்ன செய்ய?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே."

"பூஜையில இருந்தீக. பூஜையில பேசக்கூடாதுங்கறதும் உங்க உத்தரவுதான். இங்க வந்ததும் போனைக் கேட்டுல குடுத்துட்டேன்."

இசக்கிப்பாண்டி பனியனுக்குள் சிரிப்பை அடக்கப் பார்த்தான். பனியனில் அவ்வளவு இடம் இல்லை.

"சரி, கொண்டா" என்றார் ராமகிருஷ்ணன். "நாலு மணிக்கு ஆளுக வாராக."

ஊர்க்காவலன் நகரவில்லை. கொஞ்சம் சங்கடத்தோடு கையை நீட்டினான். "டோக்கன் அண்ணாச்சி."

"என்னது?"

"கம்பளத்தை எடுத்த இடத்துலேயே போட்டுட்டு வந்தேனே. டோக்கன் இல்லாம எடுத்து வச்ச பொருளைத் திருப்பித் தராதே, நானே வந்து கேட்டாலும் தராதேன்னு நீங்கதான்..."

"தெரியும்" என்றார் ராமகிருஷ்ணன்.

பாண்டிலட்சுமி மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சட்டைப் பையில பாருங்க அண்ணாச்சி. காலையிலிருந்து சாவியோட சேர்ந்து அதுதான் பேசிக்கிட்டு இருக்கு. திருடன் ரசீது குடுத்துட்டுப் போயிருக்கான், நம்ம அதைப் பையில போட்டுக்கிட்டுத் திருடனைத் தேடுறோம்."

அவர் பைக்குள் கையை விட்டார். நாற்பத்தொன்று என்று எழுதிய வில்லையை எடுத்து, தன் போர்மேனின் கையில் வைத்தார். ஊர்க்காவலன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

திரும்பும்போது காரில் கம்பளம் இருந்தது, ஊர்க்காவலனும் இருந்தான், அவன் மடியில் ஓரடிக்கு ஓரடி செம்புத் தகடு ஒன்றும் இருந்தது. சாம்பிள் பெட்டிகள் உடனே கம்பெனிக்குத் திரும்பட்டும் என்று ராமகிருஷ்ணன் சொல்லிவிட்டார். ஆனால் ஷாக்கோடு சம்பந்தியம்மாளை வரவேற்க முடியாது. தகட்டை நடைச் சுவரில் பதித்து மண்ணுக்கு ஒயர் இழுக்க வேண்டும். அதற்கு எலெக்ட்ரீசியன் வேண்டும்.

"எலெக்ட்ரீசியன் யாராவது தெரியுமா அண்ணாச்சி?" என்று இசக்கிப்பாண்டி அப்பாவியாகக் கேட்டான்.

அன்பரசன் இரண்டு மணிக்கு வந்தான். படிக்குக் கீழேயே நின்றான். ஏறக்கூடாது என்று காலையில் சொல்லப்பட்டவன் அல்லவா. ராமகிருஷ்ணன் படியிறங்கிப் போனார். அவர் யாருக்காகவும் அந்தப் படியை இறங்கி வீட்டார் பார்த்ததில்லை.

"ஒயரிங் சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

"அதைத்தான் செவ்வாக்கிழமை சொன்னேன்."

"சத்தமாச் சொல்லலை." பிறகு பாண்டிலட்சுமி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். தொண்டையைச் செருமினார். "காலையில பேசுனது என் தப்பு. மேல வா. காப்பி குடிச்சுட்டு வேலையைப் பாரு."

மூன்றே முக்காலுக்குத் தகடு சுவரில் பளபளத்தது. நான்கு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து இரண்டு காரில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் சம்பந்தியம்மாள் பொன்னுத்தங்கம். கண் நேரே நடைக்குப் போயிற்று. கம்பளம் கிடந்தது. முகம் மலர்ந்தது. அப்புறம் தகட்டைப் பார்த்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"எங்க வழக்கம்" என்றார் ராமகிருஷ்ணன், முதுகை நிமிர்த்தி. "இதைத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும்."

பொன்னுத்தங்கம் செருப்பைக் கழற்றினார். தகட்டை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் வந்த பத்துப் பேரும் வரிசையாகத் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர் கற்பூரம் உண்டா என்று மெதுவாகக் கேட்டார். இசக்கிப்பாண்டி அவசரமாகக் கொல்லைப்புறம் போனான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பொன்னுத்தங்கம் தறிக்கு எதிரே நின்று வாங்கியவர். உறவுக்காரர்களுக்கு முடிச்சைக் காட்ட வேண்டுமென்று கம்பளத்தின் மூலையைத் திருப்பினார். கை நின்றது.

"அடியில ஈரமா இருக்கே அண்ணாச்சி. என்ன ஆச்சு?"

பிரீத்திகா தாத்தாவைப் பார்த்தாள். ஊர்க்காவலன் வாசலில் செருப்புகளுக்கு மத்தியில் நின்று பார்த்தான். பொய் சொல்லி ராமகிருஷ்ணனுக்குப் பழக்கமில்லை. காணாமல் போனது என்று சொல்லியும் அந்த வீட்டுக்குப் பழக்கமில்லை.

"காலையில கம்பெனிக்குப் போயிருந்துச்சு" என்றார்.

"கம்பளமா?"

"ஆமா. எங்க வீட்டுக்குள்ள வர்றது எதுவா இருந்தாலும், ஒரு தடவை கம்பெனியைப் பார்த்துட்டு, போர்மேன் சரின்னு சொன்ன பிறகுதான் நிலைக்கும்."

பொன்னுத்தங்கம் அதை யோசித்தார். அவர் முகத்தில் மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு கம்பளத்தையே இவ்வளவு விசாரித்து வீட்டில் சேர்க்கிறவர்கள், பெண்ணை எவ்வளவு விசாரித்து வளர்த்திருப்பார்கள்.

"அப்ப மாப்பிள்ளை?"

"அவரும்தான். நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. பட்டு வேட்டி மட்டும் வேண்டாம்."

"அனுப்பி வைக்கேன்" என்று பொன்னுத்தங்கம் சந்தோஷமாகச் சொல்லி, உறவுக்காரர் கையிலிருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டினார்.

ராமகிருஷ்ணன் தட்டை வாங்கும்போது, வாசலிலிருந்து ஊர்க்காவலனின் குரல் பணிவாக வந்தது.

"திரும்பிப் போகையில டோக்கன் கேட்பேன். மாப்பிள்ளைகிட்ட முன்கூட்டியே சொல்லிருங்கம்மா."